மாரிக்கு முன் கம்புக் குவியல்களுக்குத் தீ வைப்பது பற்றி

வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன், டெங்கு ஒழிப்பு என்று சொல்லிக்கொண்டு, திருகோணமலையில் பல வளவுகளின் பின்புறத்தில் நெடுநாளாகக் கிடக்கும் பட்ட கிளைகளையும் தென்னம் மட்டைகளையும் விறகையும் கிடந்த இடத்திலேயே கொளுத்திவிடும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய நீரில். ஆகவே குவியலுக்குள் கிடக்கும் சிரட்டை, டயர், யோகட் கோப்பை, மூங்கில் துண்டு ஆகியவற்றைப் பொறுக்கி அகற்றத்தான் வேண்டும். அதற்காகக் காய்ந்த கம்புகளையும் சேர்த்து எரிப்பானேன்?

அந்தக் கம்புகளுக்கு அடியில் மூஞ்சூறு குடியிருக்கிறது. தோற்றத்தில் எலியைப் போலிருந்தாலும் அது எலிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கரப்பான், மட்டத்தேள், புழு, வண்டு என்று இரவு முழுவதும் தேடித் தின்னும் பூச்சியுண்ணி. பிள்ளையாரின் காலடியில் இருக்கும்போது அதைக் கும்பிடுகிற நாம், குசினிக்குள் கண்டதும் தும்புத்தடியைத் தூக்குகிறோம். கண்பார்வை குறைந்த இந்த விலங்கின் குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கின்றன. சற்று வளர்ந்தபின் கூடு கலைந்தால், முதற்குட்டி தாயின் பின்புறத்தைக் கவ்விக்கொள்ள, அடுத்தது அதனுடையதைக் கவ்விக்கொள்ள, ஒரே வரிசையாக இடம் மாறுகின்றன. நாலு புறமும் மூளும் தீ அதற்கு அவகாசம் தராது. கீரியும் அடர்ந்த மறைவுகளில் ஒதுங்கும். இலங்கையிலுள்ள நான்கு கீரி இனங்களில், வால் நுனி கறுத்து மேல்நோக்கி வளைந்த செங்கீரியை நம் பக்கத்துப் பற்றைகளிலும் காணலாம்.

எலியும் வருமே என்பார்கள். வரும். 2024 டிசம்பரில், பெருமழைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை; மூஞ்சூறும் அந்தக் கிருமியைச் சுமக்கக்கூடியதுதான். ஆனால் எலியை வளவுக்குள் இழுப்பது பெரும்பாலும் சிந்திய கோழித்தீனும் வெளியே கொட்டிய சோறும். அவற்றை அப்படியே விட்டுவிட்டுக் குவியலை மட்டும் எரித்தால், எலி வீட்டுக் கூரைக்கு ஏறும். விறகைச் சுவரோடு சாய்க்காமல், குசினியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, கற்களின் மேல் உயர்த்தி அடுக்குங்கள். புடையன் பாம்பும் ஒதுங்கக்கூடிய இடமாதலால் வெறுங்கையை உள்ளே விடாதீர்கள்.

அகற்றியே ஆகவேண்டுமென்றால், நீண்ட தடியால் மேலிருந்து கலைத்து, பாதியை எடுத்துவிட்டு, மீதியை ஓர் இரவு விட்டுவையுங்கள்; உள்ளே இருப்பவை இருட்டில் வெளியேறிவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால், நீர் தேங்கும் பொருள் எதுவும் இல்லை என்பதைக் கிளறிக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதால், குவியல் இடுப்பளவுக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.