பிரைட்கோப்ஃபுக்கு ஒரு பத்தி போதாது

இசை அச்சின் வரலாற்றைச் சொல்பவர்கள் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து யோஹான் கோட்லோப் இம்மானுவேல் பிரைட்கோப்ஃபுக்கு வழக்கமாக ஒரு பத்தி ஒதுக்குவார்கள். 1750களின் நடுவில், துண்டு துண்டாகப் பிரித்துக் கோர்க்கக்கூடிய இசை எழுத்துகளை உருவாக்கினார், அச்சுத்தொழிலையே மாற்றினார் என்று முடித்துவிட்டு அடுத்து லித்தோகிராஃபுக்கு, அதாவது கல்லச்சுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு இதில் நெடுநாள் மனக்குறை உண்டு. அந்த எழுத்துகள் மகா கெட்டிக்காரத்தனமானவை, மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் செய்த பெரிய காரியம் வேறு. அதைப் பற்றி இசை ஆராய்ச்சியாளர்களைத் தவிர யாரும் வாய் திறப்பதில்லை.

சரி, முதலில் எழுத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஈய எழுத்து கோர்த்த காலத்து அச்சகங்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

16ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பியேர் அத்தேஞ்ஞான் பரப்பிய முறையில், ஒவ்வொரு ஈய எழுத்திலும் ஒரு ஸ்வரக்குறியும் அதன் பின்னால் இசை எழுதப்படும் ஐந்து கோடுகளின் சின்னத் துண்டும் சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். வரிசையாக அடுக்கினால் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளமாகத் தெரியவேண்டும். தெரியாது; துண்டுக்குத் துண்டு இடைவெளி பல்லிளிக்கும். இருந்தாலும் ஒற்றைக் குரலில் பாடும் பாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. இருநூறு வருஷம் அதை வைத்தே ஓட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் இசையே மாறிவிட்டது. வசதியான வீடுகளில் எல்லாம் கிளாவியர் என்ற கட்டை வாத்தியம் வந்தது. அதற்கான இசையில் ஒரே காம்பில், அதாவது குறியின் நிமிர்ந்த கோட்டில், மூன்று ஸ்வரம் தொங்கும். வேகமாக ஓடும் ஸ்வரங்களை மேலே ஒரு தடித்த குறுக்குக் கோடு போட்டுக் கட்டவேண்டும். பழைய எழுத்தில் இரண்டுக்கும் வழியில்லை. இன்னொரு பாதை, முழுப் பக்கத்தையும் தாமிரத் தகட்டில் செதுக்குவது. பார்க்க அழகாக வரும், கை நிறையச் செலவு வைக்கும்.

பிரைட்கோப்ஃப் பிறந்ததும் அவர் அப்பா பெர்ன்ஹார்ட் கிறிஸ்டோஃப் லைப்சிக்கில் அச்சகத் தொழிலைக் கையில் எடுத்ததும் ஒரே ஆண்டில், 1719இல். இசையமைப்பாளர் செபாஸ்டியன் பாஃக் 1723இல் அந்த ஊருக்கு வேலைக்கு வந்தார். அவர் பங்களித்த ஷெமெல்லியின் பக்திப் பாடல் தொகுப்பு 1736இல் இந்த அச்சகத்தில்தான் அச்சானது. இளம் பிரைட்கோப்ஃபுக்கு முதலில் அச்சுத்தொழிலில் பெரிய ஆசையில்லை, படிப்பில்தான் நாட்டம். எழுத்து வடிவங்களின் அளவுகள் பற்றி ஓவியர் ஆல்பிரெஃக்ட் ட்யூரர் எழுதியதைப் படித்த பிறகுதான் எழுத்து வார்ப்பில் அவருக்கு மோகம் பிடித்தது.

அவர் செய்தது இது: ஸ்வரக்குறியையே உடைத்துவிட்டார். தலை தனி, காம்பு தனி, காம்பின் வால் தனி, குறுக்குக் கட்டு தனி, கோட்டுத் துண்டுகள் பல நீளங்களில் தனி. அச்சுக்கோப்பவர் இந்தச் சில்லுகளை எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்தைக் கட்டி எழுப்பவேண்டும். சாதாரண புத்தகம் கோர்க்கிறவரை இதில் உட்காரவைத்தால் அன்றைக்கே வேலையை விட்டு ஓடிவிடுவார் என்று நினைக்கிறேன். ஆனால் எந்தச் சிக்கலான இசையும் இதில் வரும். நிரூபித்துக் காட்ட அவர் எடுத்துக்கொண்டது ஒரு முழு ஓபரா: சாக்சனி இளவரசரின் மனைவி மரியா அந்தோனியா வால்புர்கிஸ் இயற்றிய 'இல் ட்ரியோன்ஃபோ டெல்லா ஃபெடெல்டா'. தன் பெயரைப் போடாமல் நான்கு முதலெழுத்துகளில் ஒளிந்துகொண்டார் அந்த அம்மையார். 1756இல் எல்லா வாத்தியங்களின், குரல்களின் இசையும் அடங்கிய முழு ஸ்கோரும் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு கடைசியில் பிரஷ்யப் படை லைப்சிக் அடங்கிய சாக்சனிக்குள் நுழைய, ஏழாண்டுப் போர் தொடங்கிவிட்டது. ஊரே ஆக்கிரமிப்பில் கிடந்தபோதும் அச்சகம் நிற்கவில்லை. 1757இல் கிரவுனின் 'தே தேயும்', 1760இல் அவருடைய 'டெர் டோட் யேசு'. இந்தக் கிரவுன் யார்? ஊரைப் பிடித்து வைத்திருந்த பிரஷ்ய அரசன் ஃபிரெடெரிக்கின் ஆஸ்தான இசையமைப்பாளர். வியாபாரி வியாபாரிதான்.

இதுவரை எல்லோரும் சொல்வது. இனி என் கட்சிக்கு வருகிறேன்.

இந்த எழுத்துமுறைக்கு ஒரு பெரிய பலவீனம் இருந்தது. ஒரு பக்கத்தைக் கோர்த்து அச்சடித்த பிறகு அதை அப்படியே வைத்திருக்க முடியாது. கலைத்து, சில்லுகளை அறைகளில் திரும்பப் போட்டால்தான் அடுத்த பக்கம் நகரும். ஆகவே எத்தனை பிரதி விற்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து மொத்தமாக அடித்துவிடவேண்டும். தாமிரத் தகட்டில் அந்தக் கவலையில்லை. இன்று இருபது அடிக்கலாம், தகட்டைப் பரணில் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் கேட்பவர் வந்தால் இன்னும் பத்து அடிக்கலாம். அன்று இசை எவ்வளவு விற்றது என்று பார்த்தால் இது எத்தனை பெரிய சுமை என்பது விளங்கும். பாஃகின் 'ஃப்யூக் கலை' தகட்டில் செதுக்கி வெளியானது. சில வருஷங்களில் விற்றது முப்பது பிரதி அளவுக்குத்தான். மகன் கார்ல் ஃபிலிப் எம்மானுவேல் 1756இல் அந்தத் தகடுகளையே விற்பதாக விளம்பரம் கொடுத்தார். இந்தச் சந்தையில் நூற்றுக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்ற தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு வழி, முன்பணச் சந்தா. அதை அருமையாகப் பயன்படுத்தியவர் அதே கார்ல் ஃபிலிப் எம்மானுவேல்தான். 'தேர்ந்தவர்களுக்கும் ரசிகர்களுக்கும்' என்று அவர் வெளியிட்ட ஆறு கிளாவியர் தொகுப்புகள் 1779 முதல் 1787 வரை பிரைட்கோப்ஃபின் அச்சில் வந்தன. ஆனால் பதிப்பாளர் அவரே. ஹாம்பர்கில் உட்கார்ந்துகொண்டு சந்தாதாரர்களைச் சேர்த்தார், லைப்சிக்கில் அடிக்கச் சொன்னார், லாபத்தைத் தானே வைத்துக்கொண்டார். அப்பாவின் நான்கு குரல் கோரால்களும் (தேவாலயப் பாடல்களும்) 1784-87இல் நான்கு பகுதிகளாக இங்கேதான் வெளிவந்தன. ஹார்மனி படிக்கும் மாணவர்கள் இன்றும் குடைந்துகொண்டிருக்கும் அந்த 371 கோரால்களின் தொகுப்பு அதுதான்.

இன்னொரு வழி, மறுத்துவிடுவது. 1772 பிப்ரவரியில் சால்ஸ்பர்கிலிருந்து லியோபோல்ட் மோட்சார்ட் ஒரு கடிதம் எழுதினார்: என் பையனுடைய இசை ஏதாவது அச்சிடுகிறீர்களா? பையனுக்கு அப்போதுதான் 16 வயது நிறைந்திருந்தது. அப்புறமும் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. இதை எழுதுகிறவர்கள் "மோட்சார்டையே கோட்டை விட்ட பதிப்பாளர்" என்று கெக்கலிப்பது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வெளியூர்ப் பையன் ஒருவனின் சிம்பொனியை வாங்க வட ஜெர்மனியில் எத்தனை பேர் முன்பணம் கட்டியிருப்பார்கள்? சில்லு எழுத்துகளில் அதைக் கோர்க்கும் கூலியைக் கணக்குப் பார்த்த எந்த முதலாளியும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

அப்படியானால் முப்பது பேர் கேட்கும் இசையை, மூன்று பேர் கேட்கும் இசையை எப்படி விற்பது? இங்கேதான் இந்த ஆளின் மூளை எனக்குப் பிடிக்கிறது. அச்சடிக்காமல் விற்றார்.

அவரிடம் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளின் பெரிய இருப்பு இருந்தது. ஒவ்வொன்றிலும் மூலப் பிரதி ஒன்று கடையை விட்டு நகராது. யாராவது கேட்டால் எழுத்தர்கள் அதைப் பார்த்து நகல் எழுதிக் கொடுப்பார்கள். கேட்டால்தான் நகல். விற்காமல் தேங்குவது என்ற பேச்சே இல்லை. பாஃகின் கான்டாட்டாக்கள் என்ற பாடல் தொகுதிகள் அச்சேறாமல் கிடந்த காலத்தில், 1761இல் அவர் வெளியிட்ட விலைப்பட்டியலில் அவற்றில் சில இருந்தன. காசு கொடுத்தால் கையால் எழுதிய நகல் கிடைக்கும்.

ஆனால் வாங்குபவருக்கு ஒரு தொல்லை. அன்றைய சிம்பொனிகளுக்குப் பெயர் கிடையாது. "டி மேஜரில் ஒரு சிம்பொனி" என்றால் அது யாருடைய எத்தனையாவது டி மேஜர்? தன் அலமாரியில் ஏற்கெனவே இருப்பதையே இன்னொரு முறை காசு கொடுத்து வாங்கிவிட்டால்? 1762இல் பிரைட்கோப்ஃப் இதற்கு ஒரு பதில் கொண்டுவந்தார். பட்டியலில் ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் அதன் ஆரம்ப ஸ்வரங்களையே அச்சிட்டுவிட்டார். இரண்டு மூன்று அளவை (தாளக் கட்டத்தை) வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், இது நம்மிடம் இருப்பதா இல்லையா என்று. முதல் பகுதி சிம்பொனிகளுக்கு. 1765க்குள் ஆறு பகுதிகள். பிறகு 1787 வரை பதினாறு இணைப்புகள். ஆயிரக்கணக்கான ஆரம்ப வரிகள், நூற்றுக்கணக்கான இசையமைப்பாளர்கள்.

இதில் கவனிக்கவேண்டியது: அந்தச் சில்லு எழுத்துகள் இல்லாமல் இந்தப் பட்டியல் இப்படி வந்திருக்காது. சொல்லும் இசையும் ஒரே பக்கத்தில், வரிக்கு வரி மாறி மாறி வரவேண்டும். இரண்டும் ஈய எழுத்தாக இருந்தால் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே தட்டில் அடித்துவிடலாம். அத்தனை பக்கங்களையும் தாமிரத்தில் செதுக்கி ஒரு விலைப்பட்டியல் போட யாருக்குக் கட்டுப்படியாகும்? ஓபராக்களைப் பெருமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்டுபிடிப்பு உண்மையில் பிறந்த பயனை அடைந்தது இந்தக் கடைப் பட்டியலில்தான் என்பேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரே சிம்பொனி இரண்டு பேர் பெயரில் இருக்கும். யாருடையதோ பிரபல இசையமைப்பாளர் ஹைடன் பெயரில் வந்து உட்காரும். சந்தையில் எந்தப் பெயர் விலைபோனதோ அந்தப் பெயரை நகல் எழுதுபவர்கள் ஒட்டிவிடுவது அன்று சர்வசாதாரணம். குழப்பம் லைப்சிக்குக்கு வருமுன்பே தொடங்கிவிடும். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. இந்த நகல் வியாபாரத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் இசையமைப்பாளருக்குப் பங்கு கொடுக்கும் வழக்கமே கிடையாது. சட்டமும் கேட்கவில்லை. வியன்னாவிலோ மான்ஹைமிலோ இருந்தவருக்குத் தன் சிம்பொனி லைப்சிக்கில் விலைபோகிறது என்பதே தெரிந்திருக்காமல் போகலாம். கார்ல் ஃபிலிப் எம்மானுவேல் ஏன் தானே பதிப்பாளர் ஆனார் என்பது இதற்குப் பிறகு புரியும்.

ஒரே தொழிலில் அடங்குகிற ஆளும் இல்லை இவர். சீட்டுக்கட்டு தயாரித்தார், சீட்டாட்டம் எங்கே பிறந்தது என்று புத்தகமும் எழுதினார். சுவர்க் காகிதம் தயாரித்தார். நிலப்படத்தை ஈய எழுத்துகளால் கோர்க்க முடியுமா என்று பார்த்தார், சீன எழுத்துகளையும் அப்படியே துண்டுகளாகக் கோர்த்துக் காட்டினார். எதைப் பார்த்தாலும் சில்லாக உடைத்துத் திரும்ப ஒட்டத் தோன்றும் கிறுக்கு போலும். வெள்ளிக் கரடி என்று பெயர் கொண்ட அவர் வீட்டு மாடியில் ஷ்டோக் என்ற செதுக்குக் கலைஞர் குடியிருந்தார். லைப்சிக்கில் மாணவனாக இருந்த கோத்தே அவரிடம் செதுக்கக் கற்றுக்கொள்ள வந்து போவார். பிரைட்கோப்ஃபின் மகன் கோத்தேயின் பாடல்களுக்கு இசையமைக்க, 1770 என்று ஆண்டு போட்டு அது அச்சானது. கவிஞர் பெயர் அதில் இல்லை.

1794இல் பிரைட்கோப்ஃப் இறந்தார். மகன் கிறிஸ்டோஃப் கோட்லோபுக்குத் தொழிலில் ஒட்டுதல் இல்லை, ஓரிரு வருஷத்தில் நிறுவனம் ஹெர்டெல் என்பவர் கைக்குப் போனது. பெயர் மட்டும் இன்றுவரை 'பிரைட்கோப்ஃப் உண்ட் ஹெர்டெல்' என்று தொடர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இசைப் பதிப்புக்குத் தகட்டுச் செதுக்கலும் லித்தோகிராஃபும்தான் என்றாகி, அந்தச் சில்லு எழுத்துகள் மெல்ல ஓரம்கட்டப்பட்டன. கையெழுத்து இருப்பை நிறுவனம் 1836இல் ஏலத்தில் விட்டது. பிரதிகள் பல கைகளுக்குச் சிதறின. சில இன்று நூலகங்களில் இருக்கின்றன, சில எங்கே போயின என்று தெரியவில்லை. அடியோடு தொலைந்துபோன இசைகளில் மிஞ்சியிருப்பது பட்டியலில் அச்சான ஆரம்ப அளவுகள் மட்டும்தான்.

பட்டியல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. 1966இல் நியூயார்க்கில் அதை அப்படியே மறுபதிப்பு செய்தார்கள். 1760களின் கச்சேரி இசைக்குப் பெரும்பாலும் தேதி கிடையாது. எந்த ஆண்டு இணைப்பில் ஒரு படைப்பு முதலில் தலைகாட்டுகிறதோ, அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று கொள்வார்கள். ஹைடனின் ஆரம்பகால இசைத்தட்டு ஒன்றின் உறையில் "1766க்குப் பிந்தியதல்ல" என்பதுபோல ஒரு வரி கண்ணில் பட்டால், அதற்கு ஆதாரம் பெரும்பாலும் இந்த லைப்சிக் கடைக்காரரின் விலைப்பட்டியலாகத்தான் இருக்கும்.