தத்தெடுத்த வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

எம்பிபிஎஸ் முதல் வருடத்திலேயே எங்களை பஸ்ஸில் ஏற்றி ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்கு ஐந்து வீடு. அந்த வீட்டு ஆட்களின் உடல்நலத்தை நாங்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் 2021-22ல் சேர்ந்தவர்களிடமிருந்துதான் தொடங்கியது. நாங்கள்தான் முதல் பேட்ச்.

எனக்குக் கிடைத்த ஒரு வீட்டில் ஒரு பாட்டி. சுகர் இருந்தது, பாதி நாள் மாத்திரை போடமாட்டார். மூன்றாவது முறை போனபோது காலில் புண். "ஆஸ்பத்திரிக்குப் போங்க பாட்டி" என்றேன். "போனா ஒரு நாள் கூலி போயிடும் கண்ணு" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. லாக்புக்கில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். நான்கு மாதம் கழித்து அடுத்த விசிட். அதற்குள் பாட்டிக்கு இரண்டு கால்விரல்களை எடுத்திருந்தார்கள்.

ஹாஸ்டலில் இதைப் பற்றிப் பேசாத நாளில்லை. "ரோடு, பஸ், கூலி எல்லாம் நம்ம கையிலயா இருக்கு?" என்பான் ஒருவன். இரண்டாம் வருடத்திலிருந்தே பிஜி (மேற்படிப்பு) நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் போகிறவர்களுக்கு கிராமத்துக்குப் போகும் நாள் வீணான நாள். அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிஜி சீட்டை முடிவு செய்வது அந்தத் தேர்வு மதிப்பெண்தான். அந்தப் பாட்டியின் காலை யார் கவனித்தார்கள் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

மருத்துவக் கல்லூரிகளின் சமூகப் பொறுப்புடைமை என்றால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் 1995ல் வரையறுத்தது. கல்வி, ஆராய்ச்சி, சேவை மூன்றையும் தன் பகுதி மக்களின் முக்கியமான உடல்நலத் தேவைகளை நோக்கித் திருப்ப வேண்டிய கடமை கல்லூரிக்கு இருக்கிறது என்கிறது அது. எது முக்கியம் என்பதை அரசும் மருத்துவத் துறையினரும் பொதுமக்களும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டுமாம். எங்கள் கிராமத்தில் அப்படி யாரும் யாரிடமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையில் ஒரு லாக்புக்கைக் கொடுத்ததோடு கல்லூரியின் கடமை முடிந்துவிடுமா?

இத்தனைக்கும் பெரிதாக எதுவும் தேவைப்பட்டிருக்காது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் தன்னார்வலர் அக்கா அந்தத் தெருவுக்கும் வந்துகொண்டுதான் இருந்தார். அவரை எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை. நாங்களும் தேடவில்லை. புண்ணைப் பார்த்த அன்றே அவரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்ல ஒரு வழி இருந்திருந்தால், நான்கு மாதம் யாரும் பார்க்காமல் போயிருக்காது.

வருடக் கடைசியில் அந்த ஐந்து வீட்டிலும் கல்லூரி ஆட்கள் போய், "இந்தப் பிள்ளைகள் வந்ததால் உங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்கட்டும். வரும் பதிலைக் கல்லூரியின் தரமதிப்பீட்டில் சேர்க்கட்டும். எங்கள் மதிப்பெண்ணிலும் சேர்க்கட்டும், எனக்குச் சம்மதம்தான்.

அப்புறம், இந்த வருடம் சேர்ந்திருக்கும் ஜூனியர்களுக்கு: முதல் விசிட்டிலேயே அந்தத் தன்னார்வலர் அக்காவின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.