பேச்சு போனால் புத்தியும் போச்சா?

அண்ணே, ‘பக்கவாதத்தில் பேச்சு போனால் புத்தியும் போனதாகத்தான் அர்த்தம், அவர்களிடம் பேசிப் பயனில்லை’ என்கிறீர்கள். அது தப்பு.

காரைக்குடியில் எங்கள் அப்பத்தாவுக்கு மூளையின் இடப்பக்கம் அடைப்பு வந்தது. வெற்றிலை வேண்டுமென்றால் ‘சாவி’ என்பார். சொல் தப்பென்று அவருக்கே தெரியும், தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வளவில் பல்லாங்குழி ஆட உட்கார்ந்தால் ஒரு சோழியைக்கூட அவரிடம் ஒளிக்க முடியாது. தாலாட்டு மட்டும் தடங்கலில்லாமல் வரும்!

1861இல் பாரிசில் மருத்துவர் புரோக்கா பார்த்த நோயாளியும் இப்படித்தான். வாயில் வந்தது ‘டான்’ என்ற ஓரசை. கேட்பதோ பெரும்பாலும் புரிந்தது. சேதம் மூளையின் இடது முன்பகுதியில். அதே இடப்பக்க மூளையில் காதை ஒட்டிய பின்பகுதி சேதமானால் கதை வேறு: பேச்சு சரளமாக வரும், பொருள் இருக்காது, பிறர் பேசுவதும் சரியாகப் புரியாது. இதை 1874இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே விளக்கினார்.

வாசிப்பு இன்னும் விசித்திரம். 1892இல் பிரெஞ்சு மருத்துவர் தெஜெரின் விவரித்த நோயாளி ஒருவர் எழுதுவார், எழுதியதை அவராலேயே படிக்க முடியாது.

அப்புறம், பேச்சுப் பயிற்சியால் பலர் மெல்லத் தேறுகிறார்கள். நாங்கள் அப்பத்தாவிடம் தலையாட்டிப் பதில் சொல்கிற மாதிரி சின்னச் சின்னதாகக் கேட்போம். ‘காபியா, வெற்றிலையா’ என்று இரண்டையும் காட்டினால் போதும்.