டாலர் நோட்டில் உள்ள கண்: ஒரு சிறு திருத்தம்

ஒரு டாலர் நோட்டில் பிரமிடுக்கு மேலே இருக்கும் கண், அமெரிக்கா உருவானபோதே ஃப்ரீமேசன்கள் (சுருக்கமாக மேசன்கள், தனிச் சடங்குகள் கொண்ட ஒரு சகோதர அமைப்பினர்) ரகசியமாகப் புகுத்திய சின்னம் என்று சிலர் சொல்கிறார்கள். சுவாரசியமான கதைதான், ஆனால் காலவரிசை ஒத்துவரவில்லை.

அந்தப் பிரமிடும் கண்ணும் அமெரிக்க அரசு முத்திரையின் பின்பக்கம். 1776-இல் முத்திரைக்காக அமைத்த குழுவில் பிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெபர்சன் மூவரில் பிராங்க்ளின் மட்டுமே மேசன். அவர் கேட்டதோ பைபிளில் வரும் மோசே செங்கடல் கரையில் நிற்கும் காட்சி. அதில் கண்ணே கிடையாது! கண்ணைச் சேர்த்தவர் குழுவுக்கு உதவிய ஓவியர் டு சிமிட்டியே. கடவுளின் பார்வையைக் குறிக்க ஐரோப்பியக் கிறிஸ்தவ ஓவியங்களில் அது முன்பே இருந்த வழக்கம். முத்திரையின் இறுதி வடிவத்தை அமெரிக்க காங்கிரஸ் (நாடாளுமன்றம்) ஏற்றது 1782-இல். மேசன்களிடையே அந்தக் கண் பரவலானது, 1797-இல் தாமஸ் ஸ்மித் வெப் என்பவர் வெளியிட்ட மேசன்களுக்கான கையேட்டுக்குப் பிறகுதான்.

முத்திரை நோட்டில் ஏறியது 1935-இல். அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் மேசன்தான், சரி. ஆனால் வடிவம் அதற்கு 150 வருடம் மூத்தது.

சரிபார்க்க விரும்பினால், அமெரிக்க வெளியுறவுத் துறை இந்த முத்திரையின் வரலாற்றைக் கையேடாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது. எந்தக் குழு எதைப் பரிந்துரைத்தது என்பது அதில் வரிசையாக இருக்கிறது.