அமீபாங்கிறது குலம் இல்லைங்க, நடை

நேத்து ராத்திரி நேரலையில நடந்ததைப் பாதிப் பேர் பார்த்திருப்பீங்க. திரும்பச் சொல்லி பிரஷரை ஏத்திக்க விரும்பல. சுருக்கமா, பாலினெல்லாங்கிற பச்சை நிற ஒருசெல் உயிரோட படத்தைப் போட்டு, இதுவும் அமீபாதான்னு சொன்னேன். "பச்சையா இருந்தா பாசி, ஊர்ந்தா அமீபா, இதுல என்னம்மா ஆராய்ச்சி?"ன்னு அண்ணன் கேட்டதும் கீழே வரிசையா சிரிப்பு எமோஜி. சரி.

பொறுமையாவே சொல்றேன். அமீபாங்கிறது குலம் இல்லை, நடை. செல்லோட உடம்பையே கால் மாதிரி, அதாவது போலிக்காலா, நீட்டி நகர்றதையெல்லாம் அப்படிக் கூப்பிடறோம், அவ்வளவுதான். பாடப்புத்தகத்து அமீபா புரோட்டியஸ் நமக்கும் காளானுக்கும் ஓரளவு கிட்டத்துச் சொந்தம். கேரளாவைப் பயமுறுத்துற, மூளையைத் தாக்குற நெக்லேரியா, யூக்ளினா வகையறா. நான் சொல்ல வந்த பாலினெல்லா இந்த ரெண்டு வீட்டுலயும் சேராது, அது ரைசேரியாங்கிற வேற குலம்.

1895-ல ராபர்ட் லாட்டர்பார்ன் ஜெர்மனியில விவரிச்ச உயிர். அதோட மூதாதை சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி வெயில்ல சாப்பாடு தயாரிக்கிற ஒரு நீலப்பச்சைப் பாக்டீரியாவை முழுங்கி, செரிக்காம உள்ளேயே வச்சுக்கிச்சு. செடிகொடிகளோட பசுங்கணிகம் வந்த அதே வழி, ஆனா தனியா இன்னொரு தடவை! உள்ளே போனது தன் மரபணுத்தொகுதியில பெரும்பகுதியை இழந்துடுச்சு. இனி வெளியே தனியா பிழைக்காது. பங்காளி பாலினெல்லா ஓவாலிஸ் இன்னும் அந்த மாதிரி பாக்டீரியாவைத் தின்னுக்கிட்டுத்தான் இருக்கு.

பாலினெல்லா செல் ரெண்டா பிரியறதுக்கு முன்னாடியே புது வீடு, அதாவது ஓடு, தயார். சுமார் 50 சிலிக்கா செதிலை ஒவ்வொண்ணா வெளியே தள்ளி அடுக்கும். மகள் செல், உள்ளே இருக்கிற ரெண்டு பச்சைத் துணுக்குல (அன்னைக்கு முழுங்கின பாக்டீரியாவோட வாரிசு) ஒண்ணைச் சீதனமா எடுத்துக்கிட்டு அதுல குடிபோகும்.

"வெயில்லயே பிழைக்குதே, பாசின்னு சொன்னா என்ன தப்பு?" தப்பே இல்லை, சொல்லிக்கோங்க. அமீபா இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. பாசிங்கிறதும் குலம் இல்லை, பிழைப்பு. "இதெல்லாம் சோறு போடுமா?" எனக்குப் போடுதுங்க, டியூஷன் ஃபீஸ்.

காலேஜ்ல குளத்துத் தண்ணியில பார்த்த ஓட்டு அமீபாவை ரெக்கார்ட் நோட்டுல வரைஞ்சேன். "அமீபாவுக்கு ஏது ஓடு?"ன்னு சிவப்பு மையில குறுக்கே அடிச்சுக் கொடுத்தாங்க. மைக்ராஸ்கோப்புல ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருந்தா போதும். பார்க்கல. நேத்தும் அதேதான். நான் போட்ட படத்தை யாரும் பார்க்கல, "டியூஷன் டீச்சர்தானே"ன்னு ஒருத்தர் எழுதினதுக்கு லைக் மட்டும் விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அமீபாவை வகைப்படுத்தத் தெரியல, என்னை வகைப்படுத்த ரெண்டு வார்த்தை போதுமா இருந்திருக்கு.

அண்ணே, உங்களை இன்னும் பிளாக் பண்ணல. பதில் இருந்தா எழுதுங்க. எமோஜி வேண்டாம்.