பெண்ணியல் முதுகலைக்கும் நெட் தேர்வு உண்டு

"பாலின ஆய்வில் எம்.ஏ. முடித்தவருக்கு நெட் தேர்வில் பாடமே கிடையாது. ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் சமூகவியலில் இன்னொரு எம்.ஏ. படிக்க வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நெட் என்பது உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி தரும் தேசியத் தேர்வு. அவர் சொன்னதை நம்பி யாரும் இரண்டு ஆண்டுகளை வீணாக்க வேண்டாம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் பாடப் பட்டியலில் 74ஆம் எண்ணில் பெண்ணியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. பாலின ஆய்வுகளும் அதற்குள்தான் வருகின்றன. ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் என்பது 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தொகை.

அவர் சொன்னதில் பாதி, பண்பாட்டு ஆய்வுகள் என்னும் வேறொரு முதுகலைப் பாடத்துக்குப் பொருந்தும். அந்தப் பெயரில் நெட் பாடம் இல்லை. ஆனால் முதுகலைப் பாடம் பட்டியலில் இல்லாதவர்கள் அதற்கு நெருங்கிய பாடத்தில் எழுதலாம் என்று விதியே சொல்கிறது. ஆங்கிலத் தாளின் பாடத்திட்டத்தில் பண்பாட்டு ஆய்வுகளுக்கென்று ஓர் அலகே உண்டு. இதற்கும் இரண்டாவது எம்.ஏ. தேவையில்லை.

2024 முதல் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி இரண்டும் கிடைக்காவிட்டாலும், முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறலாம். அப்போது நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் கணக்கு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

வேலை கிடைப்பது கடினம் என்று அவர் எழுதியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன். பெண்ணியல் துறைகள் குறைவு, பணியிடங்கள் அதைவிடக் குறைவு. தகுதியே இல்லை என்பது வேறு பேச்சு.