மூன்று லட்சம் பேர் சாகவில்லை. ஆனால் செத்தவர்கள் உண்டு.

சமூக ஊடகத்தில் ஒரு படத்தை மறுபடியும் பகிர்கிறார்கள். "1641-இல் ஐரிஷ் கலகக்காரர்கள் மூன்று லட்சம் ஆங்கிலேயரைக் கொன்றார்கள்" என்று. அதற்கு மறுப்பு எழுதும் கூட்டமோ "யாரும் சாகவில்லை, எல்லாம் ஆங்கிலேயர் கட்டிவிட்ட கதை" என்கிறது. இரண்டும் பொய். மூலத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் எப்படி இவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறது?

மூலம் ஒளித்து வைக்கப்படவில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்திலிருந்து வந்து அயர்லாந்தில் குடியேறி, கலகத்தில் தப்பிப் பிழைத்த, பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் குடியேறிகளின் வாக்குமூலங்கள், ஏறத்தாழ 8,000, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 31 தொகுதிகளாக இருக்கின்றன. 2010 முதல் இணையத்தில் யாரும் படிக்கலாம்.

படிக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் பெயர், ஊர், தொழில். அடுத்து பறிபோனவை: மாடு, குதிரை, தானியம், குத்தகை நிலம், இனி வசூலாகாத கடன், ஒவ்வொன்றுக்கும் பவுண்டில் மதிப்பு. பிறகு பறித்தவர்களின் பெயர்கள், பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஆட்கள். கொலைச் செய்தி வந்தால் அங்கே நிற்க வேண்டும். சொல்பவர் கண்ணால் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? இதைப் பிரிக்காமல் கூட்டினால் ஒரே சாவு பத்து வாயில் பத்துச் சாவாகிவிடும். உண்மையில் பெரும்பாலான வாக்குமூலங்கள் பேசுவது கொள்ளையையும், உடுத்திய துணியை உருவிக்கொண்டு குளிரில் விரட்டியதையும்தான்.

மூன்று லட்சம் என்பது டப்ளினில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்த சர் ஜான் டெம்பிள் 1646-இல் அச்சிட்ட நூலில் வருவது. அவரே கொல்லப்பட்டவர்களோடு வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களையும் சேர்த்துத்தான் சொன்னார். பின்னால் வந்தவர்கள் துரத்தப்பட்டவர்களையும் பிணமாக்கிவிட்டார்கள். அன்று அயர்லாந்து முழுவதிலும் அத்தனை குடியேறிகளே கிடையாது! இன்றைய ஆய்வாளர்கள் பலர் நேரடியாகக் கொல்லப்பட்டவர்களை ஏறத்தாழ 4,000 என்கிறார்கள். குளிரிலும் பசியிலும் இறந்தவர்கள் அதற்கு மேலும் சில ஆயிரம்.

"அப்படியானால் கலகக்காரர்களுக்கு வக்காலத்தா?" இல்லை. 1641 நவம்பரில் போர்ட்டடவுன் பாலத்திலிருந்து நூறு பேர் வரை பான் ஆற்றில் தள்ளப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட. இதை "எதிர்ப்புப் போராட்டம்" என்ற சொல்லால் மூடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

"நிலத்தைப் பிடுங்கினால் வேறென்ன செய்வார்கள்?" இது நியாயமான கேள்வி. அயர்லாந்தின் வடக்குப் பகுதியான அல்ஸ்டரில் ஆங்கில அரசு 1609-இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தில் ஆறு மாவட்டங்களின் நிலம் 1,000, 1,500, 2,000 ஏக்கராகப் பங்கு போடப்பட்டது. ஆங்கில, ஸ்காட்டிஷ் பங்குதாரர்கள் ஐரிஷ்காரரைக் குத்தகைக்கு வைக்கக் கூடாது என்பதே நிபந்தனை. நடைமுறையில் ஆள் போதாமல் ஐரிஷ்காரரையே வைத்துக்கொண்டார்கள், அதுவும் கூடுதல் குத்தகைப் பணத்துக்கு. கோபம் எங்கே சேர்ந்தது என்பது இதில் தெரிகிறது. ஆனால் ஆற்றில் மூழ்கிய குழந்தையா அந்த நிலத்தைப் பங்கு போட்டது?

என்னை வதைப்பது ஒன்றுதான். ஊதிப் பெருக்கிய எண் அடுத்த கொலைக்கு அனுமதிச் சீட்டாகிறது. 1642 ஜனவரியில் அல்ஸ்டரின் ஐலண்ட்மகீயில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பங்களைப் புராட்டஸ்டன்ட் தரப்பினர் வெட்டினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் லண்டன் நாடாளுமன்றம் 25 லட்சம் ஏக்கர் ஐரிஷ் நிலத்தைக் காட்டிப் போருக்குப் பணம் திரட்டியது. போர் முடியவே இல்லை, நிலத்துக்கு விலை வைத்தாயிற்று. 1641-இல் ஏறத்தாழ 60 சதவீதமாக இருந்த கத்தோலிக்கர் நிலவுடைமை அந்த நூற்றாண்டிலேயே கால்பங்குக்கும் கீழே போனது.

1649 செப்டம்பரில் டிராகெடாவில் கோட்டைப்படையையும் ஊர்மக்களையும் கொன்ற ஆங்கில நாடாளுமன்றப் படைத் தளபதி குரோம்வெல், குற்றமற்ற ரத்தம் சிந்தியவர்கள்மேல் இறைவன் அளித்த தீர்ப்பு அது என்று எழுதினார். எந்த ரத்தம்? 1641-42-இல் அதே கலகக்காரர்களின் முற்றுகையைத் தாங்கி, அவர்களை உள்ளே விடாத ஊர் டிராகெடா. 1649-இல் அதைக் காத்த தளபதி ஆர்தர் ஆஸ்டன் ஓர் ஆங்கிலேயர். படத்தைப் பகிர்ந்தவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.